சேகரித்த இடம்: நீலகிரி

அருங்காட்சியகம் ஒன்றில், தோடர்களின் பூத்துக்குளிப் போர்வைக்கு அடியில் இருந்த சீட்டு "சேகரித்த இடம்: நீலகிரி" என்றது. எந்த மந்து? எந்த வீடு? யாருடைய கை?

வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்பவர்கள் தோடர் பெண்கள். துணியில் கோடு வரைந்துகொள்வதில்லை. இழைகளை எண்ணியே ஊசி போகும். அந்தக் கணக்கைச் சீட்டு சொல்லவில்லை.

1885இல் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளரான எட்கர் தர்ஸ்டன், மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909இல் 7 தொகுதிகள் வெளியிட்டார். அளந்தவர் பெயர் நூலகங்களில் நிற்கிறது. தைத்தவள் பெயர் மலையின் பெயருக்குள் கரைந்துவிட்டது.

2013இல் தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சமூகத்தின் பெயராவது பதிவானது. பழைய சீட்டுகளிலும் இனி ஒரு வரி சேர்க்கலாம்: "தைத்தவர்: ஒரு தோடர் பெண். பெயரை யாரும் கேட்டு எழுதவில்லை."