சியான் நகரத்தில் ஒரு கற்பனை நடை



இந்த மாதச் சுவர் இதழுக்கு “நான் நடக்க ஆசைப்படும் ஊர்” என்று தமிழ் ஐயா தலைப்பு கொடுத்தார். நிறையப் பேர் ஊட்டி, கொடைக்கானல் என்று எழுதியிருக்கிறார்கள். நான் எடுத்தது சீனாவில் உள்ள சியான். பேரைக் கேட்டதும் நடிகர் விக்ரம் ஞாபகம் வந்து சிரிக்காதீங்க! இது ஊர்ப் பெயர். “மேற்கில் அமைதி” என்று அர்த்தம். பழைய பெயர் சாங்ஆன். தாங் வம்சம் ஆண்டபோது அதுதான் சீனாவின் தலைநகரம்.

பழைய ஊரைச் சுற்றிச் செவ்வகமாக ஒரு கோட்டைச் சுவர் இருக்கிறது. மிங் வம்ச காலத்தில், 1370-களில் கட்டியது. உயரம் 12 மீட்டர். மேல்பக்கமே 12 மீட்டருக்குக் குறையாத அகலம். லாரியே போகலாம்! சுற்றளவு 13.7 கிலோமீட்டர். மேலே ஏறி ஊரை ஒரு சுற்று சுற்றி வரலாம்.

நான் ஒரு கணக்குப் போட்டேன். எங்க வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் இரண்டரை கிலோமீட்டர். போக வர ஐந்து. அப்போ மூணு நாள் நான் பள்ளிக்கூடம் வந்து போனால் 15 கிலோமீட்டர். சியான் கோட்டையை ஒரு சுற்று முடித்துவிட்டு மிச்சமும் இருக்கிறது! இத்தனை வருஷத்தில் என் கால் அந்தக் கோட்டையை எத்தனை தடவை சுற்றியிருக்கும், நீங்களே போட்டுப் பாருங்க.

சரி, தெற்கு வாசலில் இறங்கி ஊருக்குள் நடப்போம். நேரே போனால் நடுவில் மணிக்கூண்டு. 1384-ல் கட்டியது. ஊர் பெரிதானதும் அது நடுவில் இல்லாமல் போய்விட்டதால் 1582-ல் அப்படியே பெயர்த்து இப்போது உள்ள இடத்துக்குக் கொண்டு வந்து வைத்தார்களாம். பக்கத்திலேயே முரசுக் கோபுரம், 1380-ல் கட்டியது. காலையில் மணி, சாயங்காலம் முரசு. நம்ம பள்ளிக்கூட மணி மாதிரி ஊருக்கே மணி!

முரசுக் கோபுரத்துக்குப் பின்னாடி முஸ்லிம் தெரு. அந்தக் காலத்தில் பட்டுப்பாதை வழியாக மேற்கிலிருந்து வியாபாரிகள் இங்கேதான் வந்தார்கள். தங்கிவிட்டவர்களும் உண்டு. அங்கே உள்ள பெரிய பள்ளிவாசலின் கூரை சீனக் கோயில் மாதிரி வளைந்து இருக்கும். இந்தத் தெருவில் ஒரு சாப்பாடு உண்டு. கெட்டி ரொட்டியைக் கொடுத்து, “நீங்களே பிய்த்துப் போடுங்க” என்று கிண்ணமும் தருவார்கள். பொடிப்பொடியாகப் பிய்த்துக் கொடுத்தால் ஆட்டுக்கறிச் சாற்றில் போட்டு வேக வைத்துத் தருவார்கள்.

இந்த ஊர்ப் பக்கம் கோதுமை அதிகம் விளையும். அதனால் நூடுல்ஸ்தான் முக்கியச் சாப்பாடு. அதில் பெயர் பெற்றது “பியாங் பியாங்” நூடுல்ஸ். நம்ம கடையில் விற்கிற பாக்கெட் மாதிரி நூல் நூலாக இருக்காது. இடுப்பு பெல்ட் மாதிரி பட்டையாக, நீளமாக இருக்கும். மாவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பலகையில் அடிக்கும்போது வரும் சத்தம்தான் பெயர் என்கிறார்கள். அந்தப் “பியாங்” என்ற ஒரே எழுத்தை எழுத ஐம்பதுக்கு மேல் கோடு போடணும்! 2020-ல்தான் அதை யூனிகோடு எழுத்துப் பட்டியலிலேயே சேர்த்தார்கள். நம்ம கையெழுத்து இதழாக இருந்தால் என்றைக்கோ எழுதியிருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் செய்து பார்த்தோம். ரேஷன் கோதுமையை மில்லில் அரைத்த மாவு. உப்புத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, எண்ணெய் தடவி ஒரு மணி நேரம் மூடி வைத்தோம். தம்பி இழுத்தது பாதியிலேயே அறுந்து போச்சு. அம்மா இழுத்தது ஒரு முழம் வந்துச்சு! வேக வைத்து, மேலே மிளகாய்த்தூள், நறுக்கிய பூண்டு வைத்து, கொதிக்கிற எண்ணெயை ஊற்றினால் “சுர்ர்ர்” என்று ஒரு வாசம். அங்கே வினிகர் ஊற்றுவார்கள், நாங்க எலுமிச்சை பிழிந்தோம். “என்னடி இது, ரிப்பன் மாதிரி இருக்கு” என்று கேட்ட அம்மாச்சி ரெண்டு தட்டு சாப்பிட்டாங்க.

கடைசியாகத் தெற்கு வாசலுக்கு வெளியே கொஞ்ச தூரம் நடந்தால் பெரிய காட்டு வாத்துக் கோபுரம். ஏழு நிலை, 64 மீட்டர். நம்ம வரலாற்றுப் பாடத்தில் வருகிற யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து கொண்டுபோன 657 பௌத்த நூல்களைப் பாதுகாக்க 652-ல் கட்டியது. அவர் எழுதிய குறிப்பில் நம்ம காஞ்சிபுரமும் இருக்கிறது. அவர் கிளம்பியபோது நாட்டை விட்டுப் போகவே தடை. யாருக்கும் தெரியாமல் கிளம்பிப் போய், பதினாறு வருஷத்துக்கு மேல் கழித்து 645-ல்தான் திரும்பி வந்தார். படிக்கத்தான் அவ்வளவு தூரம் போனார்.

எனக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். நம்ம பள்ளியில் பத்தாவது வரைதான். பிளஸ் ஒன் படிக்க ஒன்பது கிலோமீட்டர் போகணும். “பொம்பளப் புள்ளைய அவ்ளோ தூரம் எப்படி அனுப்புறது?” என்று எங்க வீட்டில் இப்பவே பேச்சு. அப்பா இன்னும் சரின்னு சொல்லலை. ஒன்பது கிலோமீட்டர் சியான் கோட்டையில் முக்கால் சுற்றுகூட வராது. பதினொன்றாம் வகுப்பில் சைக்கிளும் தருகிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்து போனால் எல்லார் வீட்டிலும் விடுவாங்க. எங்க வகுப்புத் தோழிகளே, வருகிறவர்கள் இந்தத் தாளுக்குக் கீழே உங்க பெயரை எழுதுங்க. அந்தப் பட்டியலை அப்பாவிடம் காட்டணும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி

சேர்ந்து போகிறவர்கள்:
1. நான்
2.
3.
4.
5.