நூலகத் தாளில் யாருடைய பருவம்?

எங்கள் மாலைப் படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகள் தங்கள் பள்ளி நூலகத்தின் மாதச் செய்தித் தாளைக் கொண்டுவந்து காட்டுவார்கள். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை சில அரசுப் பள்ளிகளில் இந்தப் பழக்கம் இருக்கிறது. ஒரே பக்கம்தான். கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்தது. இந்த மாதம் என்ன பண்டிகை, என்ன நாள், அதையொட்டி எந்தப் புத்தகத்தைப் படிக்கலாம் என்று போட்டிருப்பார்கள். ஆகஸ்டில் விடுதலைப் போராட்டக் கதைகள். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும். மார்கழியில் வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகள். கடலோரப் பள்ளி ஒன்றில், முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமையைப் பற்றி அழகாக எழுதியிருந்தார்கள்.

தோழர்களே, இதைக் குறை சொல்ல நான் எடுக்கவில்லை. நான் படித்த பள்ளியில் நூலகம் என்பது தலைமை ஆசிரியர் அறையில் பூட்டிக் கிடந்த ஒரு பச்சை பீரோ. ஆய்வாளர் வருகிற நாளில் மட்டும் திறப்பார்கள். காலனிப் பிள்ளைகளாகிய நாங்கள் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்குவோம். மறுநாள் பழையபடி பூட்டு. அந்தப் புத்தகங்களை எல்லாம் தொட்டிருக்கிறேன், ஒன்றையும் படித்ததில்லை. இன்று அரசே வாசிப்பு இயக்கம் நடத்துகிறது. நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வைத்துச் சிறு நூல்கள் வருகின்றன. ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்கள் வகுப்பறைக்கே வருகின்றன. நம் பிள்ளைகள் கையில் புத்தகம் இருக்கிறது. அதுவே பெரிய மாற்றம்.

ஆனால் ஒரு பள்ளியின் பத்து மாதத் தாள்களையும் வரிசையாகத் தரையில் விரித்துப் பார்த்தபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. இதில் இருப்பது யாருடைய பருவம்?

ஜூலைத் தாளில் 15ஆம் தேதி இருந்தது. காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். நல்லது. அதற்கு எட்டு நாள் முன்னால் ஜூலை 7 வருகிறதே? இதே செங்கல்பட்டுச் சீமையில், மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் 1859இல் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அந்தத் தாளில் இல்லை. பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியவர். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர். இதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே வந்துவிடும் என்பார்கள். சரி. நூலகம் சொல்ல வேண்டிய கதை வேறு. அவர் 1939இல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ மிகச் சிறிய நூல். கோயம்புத்தூரில் படித்த காலத்தைப் பற்றி அதில் சொல்கிறார். தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் மற்றப் பிள்ளைகளோடு சேரமாட்டார். பள்ளிக்கு வெளியே எங்கேயாவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். விட்டதும் வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். படிப்பகத்தில் இதைச் சொன்னபோது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், “அண்ணா, அவரும் எங்க வீடு எங்கன்னு சொல்லமாட்டாரா?” என்று கேட்டான். அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்று உங்களில் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளைக்குப் புத்தகத்தின் மேல் ஒட்டுதல் வருவது இப்படித்தான்.

அக்டோபர்த் தாளில் கொலுக் கதைகளும் சரஸ்வதி பூசையும். புத்தகத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, அன்று ஒருநாள் அதைத் திறக்கவே கூடாது என்று அடுக்கி வைக்கிற பண்டிகையை வாசிப்போடு எப்படி இணைத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. போகட்டும். அதே அக்டோபரில் 10ஆம் தேதி இருக்கிறது. 1994இல் அந்த நாளில்தான் காரணைப் பஞ்சமி நிலப் போராட்டத்தில் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். இந்தத் தாளை எழுதும் பள்ளிகளிலிருந்து காரணை தூரமில்லை. பஞ்சமி நிலம் என்ற சொல்லே இந்த மாவட்டத்தில் தொடங்கியதுதான். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் இங்குள்ள பறையர்களின் நிலை குறித்து 1891இல் எழுதிய அறிக்கையும் 1892 அரசாணையும்தான் அதற்கு அடி. ஆறாம் வகுப்புக்குத் துப்பாக்கிச் சூட்டைச் சொல்ல ஆசிரியர் தயங்கலாம், அதில் நியாயம் இருக்கிறது. ‘நம் ஊர் நிலத்தின் கதை’ என்று மேல்வகுப்புக்காவது ஒரு பத்தி எழுதலாம் அல்லவா?

இதைவிட என்னை அதிகம் உறுத்துவது மாசி மாதம். மாசி மகத்துக்கு இருளர்கள் பல மாவட்டங்களிலிருந்தும் மாமல்லபுரம் கடற்கரைக்கு வருகிறார்கள். முதல்நாளே வந்து மணலில் புடவையால் கூடாரம் கட்டித் தங்குகிறார்கள். விடியலில் மணலைக் குவித்து ஏழு படி செய்து கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். பெண் பார்ப்பது, நிச்சயம், கல்யாணம், காதுகுத்து எல்லாம் அங்கேதான். கோயில் சிற்பத்தைப் பார்க்க வருகிறவர்கள் அவர்களைப் படம் எடுக்கிறார்கள். இத்தனை நடந்தும் அந்த மாதத் தாளில் ‘தேர்வுக்குத் தயாராவோம்’ என்பது மட்டும்தான் இருந்தது.

சென்ற மாசி மகத்துக்கு நானும் படிப்பகத் தோழர்களும் இரண்டு பை நிறையக் கதைப் புத்தகங்களோடு கடற்கரைக்குப் போனோம். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, “எங்க ஆளுங்கள பத்தி இதுல ஏதாவது இருக்குதா தம்பி?” என்றார். புத்தகம் இல்லை. ஒரு பத்திரிகைத் துணுக்கு இருந்தது. 2023இல் பத்மஸ்ரீ பெற்ற இருளர்கள் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்கப் போனதைப் பற்றியது. அதை ஒரு சிறுமி எழுத்துக்கூட்டிப் படித்தாள், சுற்றி இருபது பேர் நின்று கேட்டார்கள். வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து இருக்கிறது. பாம்புக்கடி மருந்துக்கு நஞ்சு எடுத்துக் கொடுக்கிறது. பள்ளிக்கு இதைவிட நல்ல அறிவியல் வாசிப்பு எங்கே கிடைக்கும்?

அந்தச் சிறுமியின் குடும்பம் செங்கல் சூளைக்குப் போகிற குடும்பம். பொங்கலையொட்டி முன்பணம் வாங்கிக்கொண்டு திருவள்ளூர்ப் பக்கம் போனால், மழை தொடங்குகிற வரை வேலை. மாசி மகத்துக்கென்று இரண்டு நாள் கேட்டு வந்திருந்தார்கள். அவள் பள்ளி ஆண்டின் பின்பாதி சூளையில் போகிறது. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாளன்று அவள் பச்சைக் கல்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பாள். நூலகத் தாளுக்குத் தை என்றால் பொங்கல். அவளுக்குத் தை என்றால் பெயர்ப் பட்டியலிலிருந்து மறைகிற மாதம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. முன்பணத்துக்கு வட்டியாகப் பிள்ளையின் படிப்பு போவதை அது இன்னும் நிறுத்தவில்லை.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊர்ப் பள்ளியின் நூலகத் தாளுக்கு நீங்களே எழுதிக் கொடுங்கள். சண்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள், அரைப் பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பெற்றோரும் இருக்கிறார்கள். சூளைக்குப் போகிற பிள்ளை டிசம்பர் கடைசியில் ஐந்தாறு புத்தகம் எடுத்துப்போகலாம், திரும்பி வந்தபின் கொடுக்கலாம் என்று அங்கே ஒரு தீர்மானம் போட வையுங்கள். ஆசிரியர்கள் புத்தகம் தரத் தயங்குவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல. இருப்புப் பதிவேட்டில் எண்ணிக்கை குறைந்தால் தணிக்கையில் தன்னைக் கேட்பார்களே என்ற பயம்தான். குழுவின் தீர்மானம் கையில் இருந்தால் அந்தப் பயம் பாதி குறையும்.

ஒரு பள்ளியில் இது நடந்துவிட்டது. ஆசிரியை ஒருவர் தன் பொறுப்பில் பன்னிரண்டு புத்தகங்களைச் சூளைக்கு அனுப்பினார். ஒன்பது திரும்பி வந்தன, அட்டையெல்லாம் செம்மண். மற்ற மூன்றும் அங்கே வேறு ஊர்ப் பிள்ளைகளிடம் கைமாறிப் போய்விட்டனவாம், ஒன்று ஒடிசாப் பக்கத்துப் பையனிடம் இருக்கிறதாம், படம் பார்க்கிறானாம். இதைப் பதிவேட்டில் என்னவென்று எழுதுவது என்று ஆசிரியை என்னிடம் கேட்டிருக்கிறார்.