குளத்துக்கு உடையவர் யார்?

ஒருவருக்கே உரிய பொருளைப் பேணுதல் எளிது; பலருக்கு உரிய பொருளைப் பேணுதலே அரிது. தம் வளவுக் கிணற்றை ஆண்டுக்கொரு முறையேனும் இறைத்துத் துப்பரவாக்காதவர் சிலரே. ஊர்ப் பொதுக்கிணறு தூர்ந்து கிடப்பினோ, வேறு யாரேனும் பார்த்துக்கொள்வர் என்று ஒவ்வொருவரும் ஒதுங்கிச் செல்வர். ஊர் கூடினால் தேர் ஓடும் என்கிறோம். ஆயின், ஊர் எங்ஙனம் கூடுகிறது, கூடியபின் வடத்தை யார் எவ்வொழுங்கிற் பிடிப்பது என்பவற்றைப் பழமொழி சொல்வதில்லை. அவற்றை அறிய விரும்புவோர் வன்னியிலே ஒரு குளத்தடிக்குச் செல்லுதல் நன்று.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலுள்ள உடையார்கட்டு அத்தகையதோர் ஊர். குளமும் வயலும் அதன் உயிர். பள்ளிப்படிப்பை முடித்துவிட்டுத் தந்தையின் கமத்தைப் பொறுப்பேற்கும் இளைஞர் ஒருவர் இத்தகைய ஊரில் முதன்முதல் எதிர்கொள்வது மண்ணையன்று, சங்கங்களையே. கமக்காரர் அமைப்பு ஒன்று. கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்று. மாதர் சங்கம் வேறு. கூட்டுறவுச் சங்கம் வேறு. கோயிற் பரிபாலன சபை இன்னொன்று. குளத்தில் வலை வீசுவோருக்கு நன்னீர் மீன்பிடிச் சங்கம் மற்றொன்று. ஓர் ஊருக்கு இத்தனை சங்கங்கள் எதற்கு என்று அவர் மலைப்பது இயல்பே.

சிறிது சிந்தித்தால் விடை புலப்படும். குளம் ஒன்றாயினும் அதன் பயன்கள் பல. கமக்காரருக்குத் துருசு வழியே வரும் நீர் வேண்டும். மீன் பிடிப்பவருக்குக் குளத்திலே தங்கி நிற்கும் நீர் வேண்டும். மாடு வளர்ப்பவருக்கு அலைகரையிற் புல் வேண்டும். ஒருவர் நலன் மற்றவர் நலனோடு மோதும் இடத்திலேதான் சங்கம் பிறக்கிறது. சங்கமென்பது ஒத்த கருத்துடையோர் கூடி மகிழும் இடம் என்று எண்ணுவது பொருந்தாது. ஒவ்வாத தேவையுடையோர் சண்டையின்றி வாழ வகுத்துக்கொண்ட ஏற்பாடே அது.

போகத்துக்கு முன் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இதனைத் தெளிவாகக் காணலாம். எத்தனை ஏக்கர் விதைப்பது, முதல் நீர் திறப்பது எந்நாள், விதைப்பு முடியவேண்டியது எந்நாள், வேலி அடைப்பதும் கால்நடைகளை அப்புறப்படுத்துவதும் எந்நாள் என்பனவெல்லாம் அங்கே முடிவாகின்றன. அரச அதிகாரி தலைமை வகிப்பார். நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்தின் நீர்மட்டத்தை உரைப்பார். முடிவோ கமக்காரரின் இணக்கத்தினின்றே பிறக்கவேண்டும். இவ்வழக்கம் சட்டத்துக்கும் மூத்தது. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டமே, பழைய ஊர்வழமைகளுக்கு மீண்டும் உயிரூட்டும் நோக்குடன் இயற்றப்பட்டதுதான். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. இன்றுள்ள கமக்காரர் அமைப்புகள் 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் இயங்குவன. பெயர்கள் மாறின, கூடிப் பேசி முடிவெடுக்கும் வழக்கம் மாறவில்லை.

இத்தகைய ஏற்பாடுகள் சில இடங்களில் நிலைத்தும் சில இடங்களிற் சிதைந்தும் போவதேன்? இவ்வினாவுக்குத் தம் வாழ்நாளை அளித்தவர் அமெரிக்கப் பேரறிஞர் எலினோர் ஒஸ்ட்ரம் அம்மையார். பல நாடுகளின் பாசனங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் மீன்பிடித் துறைகளையும் ஆராய்ந்து அவர் கண்ட உண்மைகள் எளியவை. யார் உறுப்பினர் என்பதில் ஐயம் இருத்தலாகாது. விதிகள் அவ்வூர் மண்ணுக்கும் நீருக்கும் இயைந்தனவாதல் வேண்டும். விதியால் கட்டுண்டவர்க்கு அதனை மாற்றும் குரலும் வேண்டும். காவல் செய்பவர் ஊருக்குப் பதில் சொல்பவராதல் வேண்டும். தண்டம் சிறிதாய்த் தொடங்கிப் படிப்படியாய் உயர்தல் வேண்டும். பிணக்கைத் தீர்க்க அருகிலேயே ஓரிடம் வேண்டும். இவ்வாய்வுக்காக 2009ஆம் ஆண்டில் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணியும் அவரே.

ஸ்பெயின் நாட்டு வலென்சியா நகரில் தலைமைத் தேவாலய வாயிலிலே, வியாழக்கிழமை நண்பகல்தோறும் கமக்காரர் தாம் தெரிந்தெடுத்த நடுவரின் முன் வாய்க்கால் வழக்குகளைத் தீர்த்துக்கொள்வர். சட்டத்தரணியும் இல்லை, நீண்ட எழுத்துமுறை விசாரணையும் இல்லை. நம் நாட்டிலும் கல்லோயா இடதுகரையில், 1980களின் தொடக்கத்தில் இதற்கொப்பதொரு முயற்சி நிகழ்ந்தது. கடைப்பகுதி வயல்களுக்கு நீர் எட்டாதிருந்த காலம் அது. இளைஞர் சிலர் அமைப்பாளராய்ச் சென்று, கமக்காரரைச் சிறு சிறு குழுக்களாய்க் கூட்டினர். முதலிற் சங்கமும் யாப்பும் பதவிகளும் அமைக்கவில்லை. வாய்க்காலைத் துப்பரவாக்கும் வேலையையே முதலில் வைத்தனர். வேலையில் நம்பிக்கை பிறந்தது; நம்பிக்கையிற் சங்கம் பிறந்தது. மேற்பகுதிக் கமக்காரர் நீரை மிச்சப்படுத்திக் கடைப்பகுதியாருக்கு விட்டனர். அக்கடைப்பகுதியில் தமிழ் பேசுவோரும் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

ஒஸ்ட்ரம் அம்மையார் பரிசு பெற்ற அதே 2009ஆம் ஆண்டின் ஜனவரியில் உடையார்கட்டை அண்டிய நிலம் பாதுகாப்பு வலயம் என அறிவிக்கப்பட்டது. அங்கே திரண்ட மக்கள் பட்ட துயரை உலகறியும். ஊர் முழுவதும் இடம்பெயர்ந்து, முகாம்களில் வாழ்ந்து, பின்னர் கட்டங்கட்டமாகத் திரும்பியது. குளக்கட்டைத் திருத்தலாம், வாய்க்காலை மீள வெட்டலாம். ஆயின் எவர் முறை எப்போது, எந்த மதகு எவர் பொறுப்பு என்பவற்றை நினைவில் வைத்திருந்த பெரியவர் பலர் திரும்பவில்லை. அந்நினைவே அவ்வூர்ச் சங்கத்தின் எழுதாத ஏடு.

அதனினும் பெரிய வினா ஒன்றுண்டு. வன்னியிலே கணவரை இழந்தோரும், கணவர் காணாமற் போனோருமான பெண்கள் பலர் இன்று கமத்தைத் தாமே நடத்துகின்றனர். காணியின் அனுமதிப்பத்திரமோ கணவர் பெயரில் இருக்கும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம், பின்னுரித்திலே மகளுக்கு முன் மகனை வைத்தது; அவ்வேற்றத்தாழ்வு 2022ஆம் ஆண்டின் திருத்தத்தாலேயே நீங்கியது. நள்ளிரவில் இலாம்போடு வரம்பில் நின்று நீர் கட்டும் பெண்ணின் பெயர் கூட்டப் பதிவேட்டில் இல்லையாயின், அக்கூட்டம் யாருடைய கூட்டம்? சட்டம் கதவைத் திறக்கலாம். முன்வரிசையில் இருக்கை இடுவது ஊரார் கடமை.

நீர் குறைந்த சிறுபோகத்தில், குளத்துக்கு அண்மையிலுள்ள நிலத்தை மட்டும் விதைத்து, அதனை எல்லாருக்கும் பங்கிடும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. சிங்கள மக்கள் அதனைப் 'பெத்ம' என்பர். கடைக்கோடி வயலுக்காரருக்கும் தலைவாய்க்காலடியில் ஒரு துண்டு நிலம் அப்போகத்துக்குக் கிடைக்கும். இல்லாமையைப் பங்கிடத் தெரிந்த சமூகமே உள்ளதையும் காக்கவல்லது என்பது நம் துணிபு.

மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். உங்கள் ஊர்ச் சங்கம் எங்ஙனம் இயங்குகிறது என்பதைத் தலைவரின் பேச்சிலிருந்து அறிய முயலாதீர்கள். சென்ற கூட்ட அறிக்கையை வாசியுங்கள், கணக்கேட்டைக் கேளுங்கள், பேசாதிருப்பவர் யாவர் என்று உற்று நோக்குங்கள். உங்கள் பங்குக்கு விடப்பட்ட வாய்க்காலை முதலில் வெட்டிவிட்டுப் பின்னர் பேச எழுங்கள். உங்கள் சொல்லுக்கு அவையிலே நிறை உண்டாகும். குளத்துக்கு உடையவர் யாரெனின், பத்திரம் வைத்திருப்பவர் மட்டும் அல்லர். அதன் கட்டிலே மண் சுமந்தவரும், அதன் நீரிலே தமக்கடுத்தவரின் பங்கை மறவாதவருமே ஆவர்.