பொன்னாடைப் படத்துக்குக் கீழ ஒரு கேள்வி

திருகோணமலை மாவட்டத்தில் இருக்கிற ஒரு உள்ளூராட்சி சபையின் முகநூல் பக்கத்தை நாங்கள் நாலு பேர் கொஞ்ச நாளாக விடாமல் பார்த்து வாறம். சபையின் பெயர் வேண்டாம். உங்கட ஊர்ச் சபையின் பக்கமும் அநேகமாக இப்படித்தான் இருக்கும். பொன்னாடை போர்த்துற படம், நாடா வெட்டுற படம், கதிரையில் வரிசையாக இருக்கிற படம். கீழே 'வாழ்த்துக்கள்', 'வாழ்த்துக்கள் சேர்'. அதுகளுக்கு நடுவில ஒரு அக்கா கேட்டிருந்தா: "எங்கட ஒழுங்கைக்கு குப்பை எடுக்க ட்ரக்டர் எப்ப வரும்?" பதில் இல்லை. மூன்று லைக் விழுந்திருந்தது. அதில் இரண்டு எங்கட.

முதல்ல இதை ஒரு பகிடியாகத்தான் பார்த்தம். வந்தாறுமூலையில் கலைப்பீடம் படிக்கிற ஆட்களுக்குப் பகிடிக்கு விஷயம் தேவைதானே. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்த பிறகு அந்தப் பகிடி எங்களுக்குச் சரிவரவில்லை.

எங்களில் ஒருத்தியின் பெரியம்மா வீடு மூதூர்ப் பக்கம். நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. மகாவலி பெருகி வருகுது என்று எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு, எங்க, எப்ப என்றுதான் தெரியாது. சிக்னல் வந்து வந்து போனது. வட்ஸ்அப்பில் வொய்ஸ் மேல வொய்ஸ், வேற எங்கயோ எடுத்த பழைய வீடியோக்கள். அதுக்குள்ள சிங்களத்தில் இருந்த ஓர் அறிவித்தலின் ஸ்கிரீன் ஷொட் வந்தது. எங்களில் சிங்களம் வாசிக்கத் தெரிந்தவன் ஒருத்தன்தான். அவன் வாசிச்சுச் சொல்ல, மற்றவள் தமிழில் டைப் பண்ணி, பெரியம்மாவின் குடும்பக் குழுவில் போட்டம்: 'தாழ்நிலத்தில் இருப்பவர்கள் அவதானமாக இருக்கவும்.'

பெரியம்மா அதை நம்பினா. "அவதானமா இருக்கத்தானே சொல்லியிருக்கு, அப்ப இருப்பம்" என்று சோறு வைக்கப் போயிட்டா.

அந்த அறிவித்தல் முதல் நாளுடையது. தேதி மேல் மூலையில் இருந்ததாம். யாரோ வெட்டிப்போட்டு அனுப்பியிருக்கினம், நாங்களும் கேட்கவில்லை. அண்டைக்கு மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது. அந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு மாவிலாறு என்றாலே 2006 தான் ஞாபகம்: மூடின மதகு, அதோட தொடங்கின சண்டை, மூதூரை விட்டு நடந்த நடை. பெரியம்மா ஆக்களை வெளிக்கிட வைத்தது எங்கட மெசேஜ் இல்லை, பள்ளிவாசல் ஒலிபெருக்கி. "பள்ளியில அறிவிக்கிறாங்க பிள்ளை, நாங்க போறம்" என்று ஒரு கோல், அதோட லைன் கட். அடுத்த நாள் பின்னேரம் வரைக்கும் ஒரு சத்தமும் இல்லை. எல்லாரும் சுகமாகத்தான் இருந்தினம். பெரியம்மா எங்களைக் கோபிக்கவும் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கு.

புயல் நாட்களில் எச்சரிக்கைகள் பல தமிழில் வரவில்லை, வந்தாலும் பிந்தித்தான் வந்தன என்ற குற்றச்சாட்டு அப்பவே எழுந்தது. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. வடக்கு கிழக்கில் நிர்வாக மொழியே தமிழ்தான். அப்படி இருந்தும் எங்கட கையில் இருந்தது ஒரு வெட்டுப்பட்ட படம்.

வெள்ள எச்சரிக்கை கொடுக்கிறது பிரதேச சபையின் வேலை இல்லை என்று சொல்லலாம். சரி. ஆனால் எந்த ஒழுங்கையில் முதலில் தண்ணி ஏறும், எந்தப் பள்ளிக்கூடம் முகாமாகத் திறந்திருக்கு, எந்தப் பாலத்தால போகேலாது என்று கொழும்பில் இருக்கிற ஒரு அலுவலகத்தை விட சபைக்குத்தான் தெரியும். அதை மூன்று வரியில் எழுதினால் போதும். படமாக இல்லை, எழுத்தாக. கடிதத்தைப் போன் கமெராவில் எடுத்துப் போட்டால் தேடவும் ஏலாது, பார்வை இல்லாதவர்களின் போன் அதை வாசிச்சுச் சொல்லவும் மாட்டாது. தேதியும் நேரமும் முதல் வரியிலேயே வேணும். அப்பதான் எங்களை மாதிரி ஆக்கள் வெட்டி ஒட்டி அனுப்பினாலும் அது கூடவே போகும். சிங்களத்திலும் வேணும், சேருவிலயும் கந்தளாயும் எங்கட மாவட்டம்தான். பிறகு அதே மூன்று வரியைப் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் ஜீ.எஸ்.மாருக்கும் அனுப்பினால் பட்டன் போன் வைத்திருக்கிற பெரியப்பாவுக்கும் போய்ச் சேரும்.

இதையெல்லாம் சொல்லலாம் என்று அந்தச் சபைக்குப் போனம். பக்கத்தைப் பார்க்கிறவரைச் சந்திச்சம். அவர் வரிப்பகுதியில் வேலை செய்கிறவர். சொந்தப் போன், சொந்த டேட்டா. "பிள்ளைகள், ஒருத்தருக்குப் பதில் போட்டா நாளைக்குப் பத்துப் பேர் கேப்பாங்க. அதில எட்டு எங்கட வேலையே இல்லை. மெயின் ரோட்டு வீதி அபிவிருத்தி அதிகார சபை, தண்ணி நீர் வழங்கல் சபை, லைன் மின்சார சபை. நான் என்னத்தைச் சொல்ல?"

நாங்கள் சொன்னம், அதையே சொல்லுங்கோ எண்டு. இது எங்கட வேலை இல்லை, இந்த இலக்கத்துக்கு எடுங்கோ என்பதும் ஒரு பதில்தானே. சென்னை மாநகராட்சி 1913 என்ற இலக்கத்திலும் எக்ஸ் தளத்திலும் முறைப்பாடு எடுக்கிற கதையையும் சொன்னம். அவர் சிரிச்சார். அங்க அதுக்கெண்டு ஆள் இருக்கு, இங்க அவர் மட்டும்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கு. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிஞ்சது. தேர்தல் தள்ளித் தள்ளிப் போய் 2025 மே 6இல்தான் நடந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் கேள்வி கேட்க ஒரு உறுப்பினரும் இல்லை. அந்தக் காலத்தில் நாங்கள் பார்க்கிற பக்கமும் கிட்டத்தட்டத் தூங்கித்தான் கிடந்தது. திருகோணமலை நகரசபை இப்ப மாநகரசபை. புதுசாக வந்தவர்கள் எல்லாரிடமும் போனும் இருக்கு, கமெராவும் இருக்கு. பொன்னாடை கூடினதுக்கு அதுவும் ஒரு காரணம்.

வெளிக்கிட முதல் குப்பை ட்ரக்டரைப் பற்றிக் கேட்டம். அவர் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைக் காட்டினார். எல்லா வட்டாரமும், எல்லா நாளும், அழகாகத் தமிழில் டைப் பண்ணி இருந்தது. அது ஏன் முகநூலில் இல்லை என்று கேட்டதுக்கு, "ஒருத்தரும் போடச் சொல்லேல்ல" என்றார்.

வாசலில் நின்று அந்த அக்காவின் கேள்விக்குக் கீழே நாங்களே எழுதினம்: செவ்வாய், சனி, காலை. தேதியும் போட்டம்.

இரவு அக்கா பதில் போட்டிருந்தா: "இந்தச் செவ்வாய் வரேல்லயே."

அந்தப் பதிலுக்குப் பக்கத்தின் பெயரில் ஒரு லைக் விழுந்திருந்தது.