பந்தல் நிழலில் ஒரு சைக்கிள் பயணம்

போன வருஷம் என் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டரம்மா, "சர்க்கரை எல்லைக் கோட்டிலே நிக்குது. மாத்திரைக்கு இப்போ அவசரமில்லை. தினம் அரை மணி நேரம் நடங்க, இல்லேன்னா சைக்கிள் மிதிங்க" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். "இந்த வயசுல சைக்கிளா? ஊரே சிரிக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். அதோடு விட்டுவிட்டேன்.

பள்ளிக்கூட நாட்களில் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டிப் பழகியவள்தான் நான். கல்யாணமாகி பாலவனத்தம் வந்த பிறகு இருபத்திரண்டு வருஷமாக சைக்கிளைத் தொட்டதே இல்லை.

சென்ற கோடை விடுமுறையில் கம்பம் பக்கத்துக் காமயகவுண்டன்பட்டியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் ஊரோ வானம் பார்த்த பூமி. கரிசல் காடு, மிளகாய், மல்லி, பருத்தி, அதை விட்டால் சீமைக் கருவேலம். அங்கே போய் இறங்கினால் எங்கு பார்த்தாலும் பச்சை! 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் வந்து பாயும் பள்ளத்தாக்கல்லவா? கிணற்றிலும் ஊற்று வற்றுவதில்லையாம்.

தங்கை மகள் பன்னிரண்டாம் வகுப்பு போகிறவள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்க சைக்கிள் வைத்திருக்கிறாள். "பெரியம்மா, காலையிலே சுருளி அருவி வரைக்கும் சைக்கிள்ல போயிட்டு வருவோமா? மெதுவா போகலாம், தோட்டமெல்லாம் பாத்துக்கிட்டே" என்றாள். அடுத்த வீட்டுப் பெண்ணின் சைக்கிளையும் வாங்கி வந்துவிட்டாள். மறுக்க மனசு வரவில்லை. புடவையை விட்டுச் சுடிதாருக்கு மாறினேன். முதல் தெருவில் கைப்பிடி இப்படியும் அப்படியும் ஆடியது. திண்ணையில் இருந்த ஒரு பாட்டி சிரிக்கத்தான் செய்தார். ஆனால், "விழுந்துடாதே தாயி, நேரா பாரு" என்றும் சொன்னார்.

நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி பக்கமெல்லாம் கல் தூண் நட்டு, கம்பி இழுத்துக் கட்டிய திராட்சைப் பந்தல்கள். உள்ளே குனிந்து நுழைந்தால் வெயிலே தெரியாது. தலைக்கு மேலே கறுப்புக் கறுப்பாகக் கொத்துகள். பன்னீர் திராட்சை என்று நாம் வாங்குகிறோமே, அதுதான். மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் சாதிப் பெயர். 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தது என்கிறார்கள். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பல வெளிநாடுகளில் திராட்சை வருஷத்துக்கு ஒருமுறைதான் அறுவடை. இங்கேயோ கவாத்து செய்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பழம் வந்துவிடும். அதனால் தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்தைத் தள்ளி வைத்து, வருஷம் முழுக்க ஏதாவது ஓர் இடத்தில் வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

வழியில் ஒரு தோட்டத்தில் பெண்கள் கொத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். காம்பைப் பிடித்துத்தான் வெட்ட வேண்டும். பழத்தில் கை பட்டால் மேலே படிந்திருக்கும் வெண்மை போய்விடும். அழுகல், பிஞ்சைக் கழித்துப் பெட்டியில் அடுக்குகிறார்கள். நாள் முழுக்கக் கையைத் தூக்கியே வேலை. "ராத்திரி தோள்பட்டை வலி தூங்க விடாதுக்கா" என்றாள் ஒருத்தி. நாம் கடையில் ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்து, "புளிக்குதே" என்று பேரம் பேசுகிறோமே என்று வெட்கமாக இருந்தது.

அருவியில் கால் நனைத்துவிட்டுத் திரும்பும்போது மேகமலைப் பக்கம் மேகம் திரண்டது. எனக்கு வழக்கம்போல் சந்தோஷம். "மழை வரும் போலிருக்கே!" என்றேன். பெண்ணின் முகம் வாடிவிட்டது. "வரக்கூடாது பெரியம்மா. நம்ம தோட்டம் நாளைக்குத்தான் வெட்டு" என்றாள். பழுத்த பழத்தில் மழை விழுந்தால் மெல்லிய தோல் வெடித்துவிடுமாம். வெடித்ததை வியாபாரி தொட மாட்டார். நாலு மாதம் மருந்து, உரம், கூலி என்று கடன் வாங்கிப் போட்டது அத்தனையும் அந்தக் கொத்துகளில் தொங்குகிறது.

இருவரும் வேகமாக மிதித்தோம். என் மூச்சு வாங்கியதை நான் கவனிக்கவே இல்லை. தங்கை வீட்டுக்காரர் அதற்குள் தோட்டத்தில் ஆள் சேர்த்திருந்தார். "மதினி, நீங்க உக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. இருட்டும் வரை வெட்டினோம். முக்கால்வாசி பெட்டிக்குள் போனது. இரவு மழை கொட்டியது. வாழ்நாளில் முதல் தடவையாக மழைச் சத்தத்தைக் கேட்டு மனம் கனத்துப் படுத்திருந்தேன். மிச்சமிருந்த பழம் காலையில் வெடித்துக் கிடந்தது. "தப்பிச்சது வரைக்கும் லாபம்" என்றாள் தங்கை.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பூச்சி மருந்து தெளித்த பழமாதலால், உப்புத் தண்ணீரில் சிறிது நேரம் ஊற வைத்து, பிறகு நல்ல தண்ணீர் விட்டு அலசிக் கொடுங்கள். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு முழுப் பழமாகக் கொடுக்கவே கூடாது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் நாலாக நறுக்கி, விதை எடுத்துக் கொடுங்கள். என்னைப் போல் சர்க்கரைக்குப் பயப்படுகிறவர்கள் சாறு பிழிந்து குடிக்க வேண்டாம். நாலைந்து பழமாக மென்று தின்றால் போதும். நூறு கிராம் திராட்சையில் ஏறக்குறைய 15 கிராம் சர்க்கரை இருக்கிறது. சைக்கிள் ஓட்ட நினைப்பவர்கள் இருக்கையை உயர்த்திக்கொள்ளுங்கள். மிதி கீழே போகும்போது கால் கிட்டத்தட்ட நீண்டு, முழங்கால் லேசாக மடங்கினால் மூட்டு வலிக்காது.

ஊர் திரும்பியதும் மகளின் பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்தேன். விடியற்காலையில் அருப்புக்கோட்டை சாலையில் கொஞ்ச தூரம் போய் வருகிறேன். முதல் வாரம் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது பால்காரர் மணியடித்துவிட்டுப் போகிறார். அடுத்த பரிசோதனைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நேற்றுக் காலை பார்க்கிறேன், பின்சக்கரத்தில் காற்று நிறைந்திருந்தது. வீட்டுக்காரர் ஒன்றும் தெரியாதவர் போல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நானும் ஒன்றும் கேட்கவில்லை.