57-ஆம் எண்

மரக்காணத்தில் மழை பிடித்துவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. ஐப்பசியில் வரப்பும் பாத்தியும் ஒரே தண்ணீராகிவிடும். மழை ஓய்ந்து பாத்தியைச் சீர்செய்யும் வரை கூலி இல்லை. இந்த மாதங்களுக்காக 2022-ல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு 5000 ரூபாய் நிவாரணம் கொடுக்கத் தொடங்கியது. யாரெல்லாம் விண்ணப்பிக்க வேண்டும் என்று ஊரில் சிலர் பட்டியல் போட்டார்கள். "நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே" என்று இரண்டு நோட்டுகள் என் கைக்கு வந்தன.

ஒன்று பெயர்ப் பதிவேடு: எண், பெயர். மற்றது கூலி நோட்டு: தேதி, எண், தொகை. கூலி நோட்டில் பெயரே கிடையாது. மைஎஸ்க்யூஎல்லில் இரண்டு டேபிள் போட்டு, கூலியில் இருக்கும் எண்ணைப் பதிவேட்டு எண்ணோடு ஃபாரின் கீயால் கட்டினேன். இந்த ஏற்பாட்டுக்கு மூலம், ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் 1970-ல் எழுதிய கட்டுரை. விஷயம் எளியது: ஒரு டேபிள் இன்னொன்றில் இருக்கும் ஆளைச் சுட்டினால், அந்த ஆள் அங்கே இருந்தாக வேண்டும்.

முதலில் கீயே உருவாகவில்லை. ஒரு பக்கம் எண்ணை 'இன்ட்' என்றும் மறுபக்கம் 'அன்சைன்ட் இன்ட்' என்றும் வைத்திருந்தேன். இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும். சரிசெய்தேன். பிறகு கூலியை ஏற்றும்போது 1452 வந்தது. தாய் வரி இல்லாத சேய் வரியைச் சேர்க்க முடியாது என்று அர்த்தம்.

அப்போது இரவு பதினோரு மணி. நோட்டைப் பார்த்து டைப் செய்த பையன் எண்ணைத் தப்பாக அடித்திருப்பான் என்று நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன். ஃபாரின் கீ சோதனையை அணைக்க ஒரு வரி போதும். அணைத்தேன், எல்லாவற்றையும் ஏற்றினேன், மறுபடி போட்டேன். மறுபடி போட்டாலும், ஏற்கெனவே உள்ளே போன வரிகளை அது திரும்பிப் பார்க்காது. இது எனக்குத் தெரியாததல்ல. ஆபீஸில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பதுதான். அப்புறம் இரண்டு டேபிளையும் இன்னர் ஜாயின் செய்து பட்டியலை அச்சிட்டேன். ஜோடி கிடைக்காத வரிகளை இன்னர் ஜாயின் சத்தமில்லாமல் விட்டுவிடும். பிழையும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை.

நாலு நாள் கழித்து அத்தை போன் செய்தாள். "எம் பேரு இல்லேன்றாங்களே கண்ணு. அம்பத்தேழாம் நம்பரு."

லெஃப்ட் ஜாயின் போட்டு, பதிவேட்டுப் பக்கம் வெறுமையாக இருக்கும் கூலி வரிகளை மட்டும் எடுத்தேன். 31 எண்கள். அதில் 57-உம் இருந்தது.

மறுநாள் ஊருக்குப் போய்ப் பழைய பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 57-ல் மாமாவின் பெயர், அதன்மேல் சிவப்புக் கோடு. அவர் இறந்தபோது அடித்திருக்கிறார்கள். பதிவேட்டைப் புதிதாக எழுதியவர், கோடு போட்ட பெயர்களை விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் காரியம் முடிந்த கையோடு அத்தை அதே எண்ணில் உப்புக்கூடை சுமக்கப் போய்விட்டாள். ஒன்பது வருடமாக அந்த எண்ணில்தான் கூலி. எண்ணைக் கொடுத்தவர்கள் பெயரை எழுதவில்லை. மற்றவற்றிலும் பெரும்பாலும் இதே கதைதான். புருஷன் செத்தவர்கள், புருஷன் கட்டட வேலைக்கு மெட்ராஸ் போய்த் திரும்பாதவர்கள்.

டேட்டாபேஸாக இருந்திருந்தால் மாமாவின் வரியை அழிக்கும்போதே 1451 வந்து தடுத்திருக்கும்: இதை நம்பி வேறு வரிகள் இருக்கின்றன, அழிக்க முடியாது. நோட்டுக்கு அப்படிச் சொல்ல வாய் இல்லை. அது சொல்லாமல் விட்டதைத்தான் ஒன்பது வருடம் கழித்து 1452 என்னிடம் சொன்னது. நான் அதன் வாயை அடைத்தேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் வீடு வீடாகப் போய் 28 பேரைக் கண்டுபிடித்துப் பதிவேட்டில் ஏற்றினோம். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எம் பேர மட்டும் எழுதுடா. இன்னார் சம்சாரம்னு எழுதாத" என்றாள்.

மூன்று எண்கள் யாருடையவை என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பருவம் முழுக்கக் கூலி வாங்கியிருக்கிறார்கள். இப்போது சோதனையை நான் அணைப்பதில்லை. ஒவ்வொரு முறை கூலியை ஏற்றும்போதும் அந்த மூன்றில் வந்து நின்றுவிடுகிறது.