விரைவுக்கு வழி நிதானம்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பாஸ்கா திருவிழிப்பு இரவு. பழைய ஏற்பாட்டு வாசகங்கள் முடிந்து, பீடத்தின் மெழுகுதிரிகள் ஏற்றப்பட்டு, மணிகள் முழங்க வானவர் கீதம் தொடங்கியது. பாடகர் குழுவில் கித்தார் வாசித்த பள்ளி மாணவன் தொடக்கத்தை நன்றாகவே வாசித்தான். பாடல் விரைவு பெற்றதும் அவன் விரல்கள் தடுமாறின. பாடகர்கள் ஒரு தாளத்திலும் தபேலா வேறொரு தாளத்திலும் பிரிந்து செல்ல, கீதம் பாதியில் குலைந்தது. திருப்பலி முடிந்ததும், "தெரியாவிட்டால் ஏன் தம்பி கருவியைத் தொடுகிறாய்?" என்று எல்லார் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டேன். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

பிழை யாருடையது? அந்தப் புதிய மெட்டைப் புனித வாரத்துத் திங்களன்று அவனிடம் கொடுத்து, சனிக்கிழமைக்குள் வேகமாக வாசிக்க வேண்டுமென வற்புறுத்தியவன் நான்தான். அது தகாது என்று அறியாதவனும் அல்லேன். குருமடத்தில் எனக்குக் கித்தார் கற்பித்த முதிய குரு ஒருவர், மெட்ரோனோம் என்னும் தாளக்கருவியை நிமிடத்திற்கு 60 தட்டு என வைத்துவிட்டு, "ஐந்து முறை பிழையின்றி வாசித்தால் 64-க்கு ஏறு, ஒரு முறை பிழைத்தாலும் 56-க்கு இறங்கு" என்பார். அக்காலத்தில் அது எனக்குத் தண்டனையாகவே தோன்றியது.

அதன் பொருள் பின்னரே விளங்கிற்று. கை சரியானதை மட்டும் பழகுவதில்லை. பிழையையும் அவ்வாறே பழகிக்கொள்ளும். வேகத்தில் நூறு முறை தடுமாறியவன் தடுமாற்றத்தையே நூறு முறை பயின்றவன் ஆகிறான். மெதுவாக வாசிக்கும்போதுதான் நம் குறைகள் நம் கண்ணுக்குப் புலப்படும்: விரல் தந்தியை விட்டு வீணாக உயர எழுவது, கட்டை விரல் கித்தாரின் கழுத்தைத் தேவையின்றி இறுக்குவது, தோள் விறைத்து நிற்பது. இவற்றைக் களைந்தால் வேகம் தானே பின்தொடரும்.

ஸ்பெயின் நாட்டில் 1852-இல் பிறந்த பிரான்சிஸ்கோ தாரேகா, 'அல்ஹம்பிரா நினைவுகள்' என்ற கித்தார் இசையை அமைத்தார். மீட்டிய தந்தியின் ஒலி விரைவில் தேய்ந்துவிடும். ஆயினும் அவ்விசையில் கட்டை விரலைத் தொடர்ந்து மூன்று விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே சுரத்தை மீட்ட, அறுபடாத ஒரே இழைபோல அது காதில் விழுகிறது. நான்கு விரல்களின் இடைவெளியும் சமமாக இருந்தாலன்றி அந்த இழை அறுந்துபோகும். அச்சமநிலையை மெதுவாகவே பயில வேண்டும். அதற்குக் குறுக்குவழி இல்லை.

மூன்றாம் வாரம் அம்மாணவனின் இல்லத்திற்குச் சென்றேன். "அன்று உறையில் போட்ட கித்தாரை இன்னும் எடுக்கவே இல்லை, சாமி" என்றார் அவன் தாய். அவர் முன்னிலையிலேயே, "தவறு என்னுடையது, தம்பி, என்னை மன்னித்துக்கொள்" என்றேன். அவன் தலைகுனிந்தபடி நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர் எழுந்து சென்று கித்தாரை எடுத்து வந்தான்.

ஜி மேஜரிலிருந்து சி மேஜருக்கு மாறும் இடமே அவனுக்கு இடறலாயிருந்தது. மூன்று விரல்களும் ஒருசேர இடம் மாற வேண்டிய வேளையில், அவன் ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தான். அந்த ஒரு மாற்றத்தை மட்டும் நாள்தோறும் பத்து நிமிடம், 50 தட்டிலிருந்து பயின்றோம். எனக்கும் அது நல்ல பாடமாயிற்று. அவசரப்படுத்தத் துடித்த என் நாவையும் நான் அடக்கப் பயின்றேன்.

பெந்தகோஸ்து நாளில் வானவர் கீதம் எங்கள் கோவிலில் சற்று மெதுவாகவே ஒலித்தது. ஆனால் எவ்விடத்திலும் குலையவில்லை. கிறிஸ்து பிறப்பு இரவில், நான் முதலில் விரும்பிய வேகம் யாரும் கேளாமலே வந்திருந்தது.

பெற்றோரே, பதறாத காரியம் சிதறாது என்பது நாம் அறிந்த முதுமொழி. விதைத்தவன் உறங்கி எழ, முதலில் தளிரும் பின்பு கதிரும் அதன்பின் முற்றிய மணியுமாகப் பயிர் வளர்வதை ஆண்டவர் உவமையாகச் சொன்னார். நம் பிள்ளைகளிடம் கதிரை எதிர்பார்க்கும் நாம், தளிர்க்கும் காலத்தில் அவர்களை மிதித்துவிடாதிருப்போமாக.